டெல்லி பால்கனியில் வருடக்கணக்கில் நின்று பூக்கிற செடி எது?

கேள்வி: மயூர்விஹார் மாடி

எல்லோருக்கும் வணக்கம். மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பால்கனி மேற்குப் பார்த்தது. பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலம் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு உள்ளே வருகிற வெயில் கோடையில் சாயந்திரம் ஆறரை வரைக்கும் போகாது.

ஒவ்வொரு நவம்பரிலும் தள்ளுவண்டியில் வரும் பெட்டூனியா, டேலியா, பான்சி நாற்றுகளை வாங்கி வைக்கிறேன். பிப்ரவரியில் பால்கனியைப் பார்க்கக் கண் கொள்ளாது. ஏப்ரல் பாதிக்குள் எல்லாம் காய்ந்து, தொட்டியும் மண்ணும்தான் மிச்சம். தோட்டக்கார மாலியைக் கேட்டால் அதெல்லாம் அந்த சீசனுக்கு மட்டும்தான் என்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. நான் கும்பகோணத்துக்காரி. பாட்டி வைத்த நந்தியாவட்டையில்தான் இன்றைக்கும் அம்மா சாமிக்குப் பூப் பறிக்கிறார். அப்படி ஒரு செடி, வைத்த தொட்டியிலேயே வருடக்கணக்கில் நின்று பூக்கிற செடி வேண்டும்.

போன வருடம் ஊரிலிருந்து ரயிலில் குண்டுமல்லியும் கனகாம்பரமும் கொண்டு வந்தேன். மல்லி மழைக்காலம் முழுக்க நன்றாக இருந்தது. டிசம்பரிலிருந்து இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்து, இப்போது பிப்ரவரி முதல் வாரத்தில் வெறும் குச்சியாக நிற்கிறது. கனகாம்பரம் ஜனவரிப் பனியில் கருகிவிட்டது. மல்லியையும் எடுத்துப் போட்டுவிட்டு அந்தத் தொட்டியில் வேறு ஏதாவது வை என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை.

மல்லி பிழைக்குமா? கூட வேறு என்ன வைக்கலாம்? பூஜைக்குப் பறிக்கிற பூவாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். இங்கே பக்கத்தில் இருக்கிற குருவாயூரப்பன் கோயிலுக்குப் போகும்போது வீட்டுப் பூ கொண்டு போக வேண்டும் என்று ஆசை.

பதில்: நொய்டா 62

மேற்கு வெயில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு காகிதப்பூ வையுங்கள். எங்கள் பால்கனியில் அதுதான் ஜூன் மாதத்தையும் தாங்கி நிற்கிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு தரம், மழை முடிந்து அக்டோபர், நவம்பரில் இன்னொரு தரம் கொள்ளையாகப் பூக்கும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் இலைதான் விடும். மண் காய்ந்து இலை லேசாகத் தொங்கும்போது ஊற்றினால் பூ வரும். தொட்டியில் வேர் நெருக்கிக்கொண்டு இருந்தாலும் கவலையில்லை, அதற்கு அதுவே பிடிக்கும்.

பூஜைக்கு ஆகாது, முள் உண்டு. சின்னக் குழந்தை இருந்தால் கம்பி ஓரமாகத் தள்ளி வையுங்கள்.

பதில்: ஜனக்புரி மொட்டைமாடி

மல்லியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். சாம்பல் நிறத் தோல் உரிந்ததும் உள்ளே பச்சையாக, விரலில் ஈரம் ஒட்டுகிற மாதிரி இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக, விறகு மாதிரி காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீறுங்கள். அடித்தண்டில் பச்சை தெரிந்தாலே போதும், அது திரும்பி வரும்.

டெல்லியில் மல்லி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். ஊரில் அப்படிப் பார்த்துப் பழக்கமில்லாததால் செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். எத்தனையோ வீட்டில் உயிருள்ள செடி ஜனவரியில் குப்பைக்குப் போகிறது. என்னால் அதைத் தாங்க முடிவதில்லை. எங்கள் தெருக்கோடியில் யாரோ வீசியிருந்த நந்தியாவட்டையை எடுத்து வந்து வைத்து, இப்போது அது என் தோளுயரம் இருக்கிறது.

இந்த ஊரில் செடிக்கு வருடத்தில் இரண்டு கண்டம். ஜூனில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2023 ஜனவரி 8 அன்று 1.9 டிகிரி. அதே இடத்தில் 2024 மே 29 அன்று 46.8. ஒன்றரை வருடம்கூட ஆகாத இடைவெளியில் ஒரே செடி இந்த இரண்டையும் கடக்க வேண்டும். பெட்டூனியாவும் பான்சியும் விதையிலிருந்து வந்து, குளிரில் பூத்து, வெயில் ஏறும் முன் முடிந்துபோகிற செடிகள். அவற்றின் மேல் குற்றமில்லை. நீங்கள் கேட்கிற செடி வேறு ஜாதி. அது பூக்காத மாதங்களில் நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. பூக்கும்போது எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள்.

சரி, மல்லிக்கு வருகிறேன். நம் ஊரில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார்கள். இங்கே நவம்பரில் வெட்டினால் வருகிற இளந்துளிர் நேராகப் போய்க் குளிரில் மாட்டிக்கொள்ளும். ஜனவரிக் குளிர் உடைந்து, பகலில் ஸ்வெட்டர் கழற்றத் தோன்றுகிற நேரம்தான் கணக்கு. அதாவது இப்போது, பிப்ரவரி முதல் பாதி. தொட்டிச் செடியை ஓரடி உயரம் விட்டு மீதியை வெட்டிவிடுங்கள். மெலிந்த குச்சி, உள்பக்கமாகக் குறுக்கே போகிற குச்சி எல்லாம் அடியோடு வரட்டும். மல்லி புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சியை விட்டுவைத்தால் செடி உயரமாகும், பூ வராது.

வெட்டிய பிறகு மண்ணையும் பார்த்துவிடுங்கள். நர்சரியில் வாங்குகிற செடிகளில் பெரும்பாலும் வேரைச் சுற்றி இறுகிப்போன களிமண் உருண்டை ஒன்று இருக்கும். நாம் ஊற்றுகிற தண்ணீர் அந்த உருண்டையின் ஓரமாக வழிந்து கீழே போய்விடும், உள்ளே ஒரு சொட்டு இறங்காது. மேலே ஈரம், தட்டில் தண்ணீர், செடி மட்டும் தாகத்தில் வாடும். பிப்ரவரி கடைசியில் செடியைப் பிடுங்கி, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் பாதியையாவது கரைத்து எடுங்கள். தோட்டமண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. இதைத்தான் நான் எல்லாப் பூச்செடிக்கும் போடுகிறேன். தொட்டி மாற்றுவதற்கு இந்த ஊரில் இரண்டே சமயம்தான் உண்டு. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை ஒன்று, மழை விழுந்த பிறகு ஜூலை, ஆகஸ்ட் இன்னொன்று. மே மாதமும் டிசம்பர், ஜனவரியும் வேரில் கை வைக்கவே கூடாது.

ஏப்ரலில் மொட்டு வரும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளிவிடுங்கள், அடுத்த சுற்று வரும். ஆகஸ்ட் வரைக்கும் இப்படி ஓட்டலாம்.

மற்ற செடிகளில், உங்கள் பாட்டி வைத்த நந்தியாவட்டையே இங்கே அருமையாக வரும். நர்சரியில் சாந்தினி என்று கேளுங்கள். ஒற்றையும் கிடைக்கும், அடுக்கும் கிடைக்கும். மேற்கு வெயிலில் இலை ஓரம் கொஞ்சம் கருகுமே தவிர, செடிக்கு ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். அரளியும் எந்த வெயிலையும் தாங்கும். ஆனால் இலை, தண்டு, பால் எல்லாமே விஷம். குழந்தையோ நாயோ இருக்கிற வீட்டில் நான் சொல்ல மாட்டேன்.

செம்பருத்தியில் அந்தப் பழைய ஒற்றைச் சிவப்பு வாங்குங்கள். தட்டு அகலத்துக்கு மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கிற கலப்பினச் செடிகள் கடையில் கண்ணைப் பறிக்கும். ஜூன் காற்று அடித்தால் மொட்டு மொட்டாக உதிர்க்கும். எந்தச் செம்பருத்தி என்றாலும் மாவுப்பூச்சி வரும், அதை எதிர்பார்த்தே வளர்க்க வேண்டும். முதல் அடையாளம் வெள்ளைப் பூச்சி இல்லை, எறும்பு. தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால், நுனித்துளிர் சுருண்டிருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். இலைக்காம்பும் தண்டும் சேருகிற இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு அதன் தேனுக்காகக் காவல் காக்கும், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் கொண்டும் போகும். சுருண்ட நுனியை வெட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டியிலேயே போடாதீர்கள். மீதியை வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவிவிட்டு, மாலையில் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் தண்ணீர் கலந்து இலையின் அடிப்பக்கமும் படுகிற மாதிரி தெளியுங்கள். வாரம் ஒரு தரம், மூன்று நான்கு வாரம். உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும்.

கீழ்த்தளம் இருந்து ஒரு முழ மண் கிடைத்தால் பவழமல்லி வைக்கச் சொல்லுவேன். செப்டம்பர், அக்டோபரில் நவராத்திரி சமயம் காலையில் தரை முழுக்க விழுந்து கிடக்கும். எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கிறது. பெரிய டிரம்மிலும் வைக்கலாம், ஆனால் மூன்றாம் மாடி பால்கனிக்கு வேண்டாம்.

ஜூன் கண்டத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெயிலில் இலை வாடுவதை எல்லோரும் பார்ப்பார்கள். வேர் வேகுவதை யாரும் பார்ப்பதில்லை. மேற்கு பால்கனியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைச் சாயந்திரம் நாலு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தச் சூடு அப்படியே வேருக்குப் போகிறது. மண்தொட்டிக்கு மாறுங்கள். அதன் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்து இருக்கும். தொட்டிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தால் ஒன்றுக்கு ஒன்று நிழல். சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், சுவர் ராத்திரி பத்து மணி வரைக்கும் அனல் விடும். ஏப்ரல் பாதியிலிருந்து மழை இறங்கும் வரைக்கும் ஐம்பது சதவீத பச்சை வலை கட்டுங்கள். வழக்கமாக ஜூன் 27 வாக்கில் பருவமழை இங்கே வரும், சில வருடம் தள்ளிப்போகும்.

ஜனவரிக்கு மருந்து இதற்கு நேர் எதிர். தண்ணீரைக் குறையுங்கள். இலை உதிர்த்து நிற்கிற செடி குடிக்காது, ஈர மண்ணில் குளிர்ந்த வேர் அழுகும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும், அதுவும் வெயில் ஏறின பிறகு ஊற்றுங்கள்.

பதில்: துவாரகா செக்டர் 6

ஜனக்புரி அம்மா சொன்னதோடு தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்லியில் பல இடங்களில் போர் தண்ணீர் கடும் உப்பு. மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். தரை துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம், தொட்டிச் செடிக்கு மட்டும் வேண்டாம்.

எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடியில் இதைக் கண்ணால் பார்த்தேன். புது இலை மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சைக்கோடாகத் தெரியும். வலை போட்ட மாதிரி இருக்கும். பழைய இலைகள் நன்றாகவே இருக்கும். இரும்புச்சத்துக் குறைபாடு அது. மண்ணில் இரும்பு இருந்தும், சுண்ணாம்புத்தன்மை ஏறிவிட்டால் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, காலையில் இலையில் தெளித்தேன். மாதம் ஒரு முறை. கூடவே ஏசி தண்ணீர். மே, ஜூனில் ஏசி குழாயின் கீழே வாளி வைத்தால் போதும், காற்றில் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்து சொட்டுகிறது, அதில் உப்புக் கிடையாது. இட்லிப்பூவுக்கும் மல்லிக்கும் அதையே ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீர்.

இன்னொன்று. நவம்பர்ப் புகையில் இலை மேல் கரி மாதிரி ஒரு படலம் படியும். துணியால் துடைத்தால் தெரியும். பத்து நாளைக்கு ஒரு தரம் காலையில் இலைகளைக் கழுவிவிடுங்கள், செடியின் முகமே மாறிவிடும்.

பதில்: கரோல்பாக் மேல்தளம்

மண்தொட்டி பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. நான் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவேன். ஜூனில் மண்தொட்டிக்கு இரண்டு வேளையும் ஊற்ற வேண்டும், என்னால் முடியாது. ஒரு வேளை விட்டால் போச்சு. அதனால் பிளாஸ்டிக் தொட்டிதான் வைத்திருக்கிறேன். ஆனால் வெள்ளை, அதையும் கோணிச் சாக்கால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். காலையில் சாக்கையும் நனைத்துவிட்டுப் போவேன். மண் மேல் தேங்காய் நார் ஒரு படுகை. எடையும் குறைவு. மூன்றாம் மாடி பால்கனியில் அதையும் யோசிக்க வேண்டும். பன்னிரண்டு அங்குல மண்தொட்டி ஈர மண்ணோடு இருபது கிலோவுக்குக் குறையாது. எத்தனை தொட்டி என்றாலும் தரையில், வீட்டுச் சுவர்ப் பக்கமாக, ஜனக்புரி அம்மா சொன்ன ஓரடி விட்டு. கைப்பிடிச் சுவர் மேல் ஒன்றுகூட வேண்டாம், மே மாதப் புழுதிக்காற்று எதையும் தள்ளிவிடும்.

நான் சொல்ல வந்தது சாமந்தி. இங்கே குல்தாவுதி என்று நவம்பரில் விற்கிறார்களே, அதைப் பூ முடிந்ததும் தூக்கி எறிகிறார்கள். அது பல வருடச் செடி. பூத்து முடிந்ததும் நாலு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து பக்கக்கன்று கிளம்பும். கோடை முழுவதும் வடக்குப் பக்க நிழலில், மண் ஈரமாக மட்டும் இருக்கும்படி வைத்திருங்கள், பூவும் வேண்டாம் எருவும் வேண்டாம். ஜூலையில் அந்தக் கன்றின் நுனியை நாலு அங்குலம் வெட்டி மணலில் நட்டால் வேர் பிடிக்கும். ஆகஸ்ட் கடைசி வரை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். கார்த்திகை தீபத்துக்கு வீட்டுச் சாமந்தி.

மயூர்விஹார் மாடி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மல்லியைக் கீறிப் பார்த்தேன். மேலே பழுப்பு, மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் நல்ல பச்சை! வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வெட்டி, மாதக் கடைசியில் மண் மாற்றப் போகிறோம்.

சாமந்தி போன வருடம் நவம்பரில் பூத்ததையே வைத்திருக்கிறேன், கன்று விட்டிருக்கிறது. ஆனால் எதிர் ஃபிளாட்டில் போன முறை இப்படி வைத்திருந்த செடி நன்றாக வளர்ந்தும் மொட்டே வைக்கவில்லை. ஏன் என்று யாருக்காவது தெரியுமா?

கனகாம்பரத்தை மறுபடி வைத்துப் பார்க்கலாமா, அல்லது இந்த ஊருக்கு அது ஆகாதா? தலையில் வைக்கிற பூவில் எனக்கு அதுதான் உயிர். பறித்தாலும் சீக்கிரம் வாடாத பூ, அந்த நிறம் வேறு.

பதில்: கரோல்பாக் மேல்தளம்

எதிர் ஃபிளாட்டில் ராத்திரி பால்கனி விளக்கு எரிகிறதா பாருங்கள். சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். செப்டம்பருக்கு மேல் ராத்திரி நீள நீளத்தான் மொட்டு வைக்க ஆரம்பிக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் கோடை இன்னும் முடியவில்லை என்று இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். தெருவிளக்கு நேராக விழுந்தாலும் அதே கதைதான். செப்டம்பர், அக்டோபரில் வெளிச்சம் படாத மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பதில்: பெங்களூரிலிருந்து

இங்கே ஜெரேனியமும் ஜெர்பராவும் தொட்டியில் வருடக்கணக்கில் நிற்கின்றன. எங்கள் வீட்டு ஜெரேனியம் அடித்தண்டு கட்டைவிரல் பருமன் ஆகிவிட்டது. அதையும் முயற்சி செய்து பாருங்களேன்.

பதில்: ஜனக்புரி மொட்டைமாடி

பெங்களூர் தம்பிக்கு: உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ராத்திரி குளிர்ந்துவிடும். இங்கே ஜூனில் ராத்திரியும் முப்பது டிகிரி. ஜெரேனியம் மே மாதத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆசைக்கு ஒரு குளிர்காலம் வைத்துக்கொள்ளலாம், பல வருடச் செடி என்று நம்பி வைக்கக் கூடாது. ஊருக்கு ஊர் செடி மாறும். புதுடெல்லியைக் கட்டிய காலத்தில் எந்த மரம் இந்த மண்ணிலும் வெயிலிலும் நிற்கும் என்று வளர்த்துப் பார்க்கவே ஒரு நர்சரி போட்டார்கள், அதுதான் நிஜாமுதீன் பக்கம் இருக்கிற சுந்தர் நர்சரி. 2018-இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஒரு முறை ஜூன் காலையில் போய்ப் பாருங்கள் அம்மா. பிப்ரவரியில் எல்லாம்தான் பூக்கும், ஜூனில் எது பச்சையாக நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கரோல்பாக் சொன்ன வெள்ளைத் தொட்டியும் சாக்கும் நல்ல யோசனை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே சரி. உள்ளே சூடு ஏறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது.

கனகாம்பரம் தாராளமாக வையுங்கள். அதற்குப் பனி ஆகாது, அவ்வளவுதான். பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் இலை கறுக்க ஆரம்பிக்கும். டிசம்பர் பாதியில் உள்ளே எடுத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சம் போதும். பூக்காது, உயிரோடு இருக்கும். பிப்ரவரி கடைசியில் வெளியே வைத்துப் பாதி உயரம் வெட்டிவிடுங்கள். அப்புறம் அதற்கு உங்கள் மேற்கு வெயில் வேண்டாம், மற்ற தொட்டிகளின் பின்னால், அரை நிழலில் இருக்கட்டும். மழைக்காலம்தான் அதற்குக் கொண்டாட்டம்.

கையில் ஒரு செடி இருப்பது மட்டும் போதாது, அடுத்ததையும் தயாராக வைத்திருக்க வேண்டும். சாதாரண ஆரஞ்சு வகையில் காய்ந்த கதிரைக் கிள்ளி, ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்து, மேலே தட்டு வைத்து மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் பட்பட் என்று காய் வெடித்து விதை தட்டில் மோதுகிற சத்தம் கேட்கும். எங்கள் பேத்தி அதற்காகவே வருவாள். திறந்து வைத்தீர்கள் என்றால் விதை கூடம் முழுக்க ஓடும். டெல்லி கனகாம்பரம் என்று நம் ஊரில் பயிராகிற அடர்ந்த ஆரஞ்சு வகை விதை பிடிக்காது, குச்சியில்தான் வளர்க்க வேண்டும். நீங்கள் கொண்டுவந்தது எது என்று கதிரைப் பார்த்தால் தெரிந்துவிடும். பூ உதிர்ந்த பிறகு காய் இல்லாமல் கதிர் வெறுமனே காய்ந்தால் அந்த வகை. அதற்கு ஜூலை, ஆகஸ்டில் இரண்டு மூன்று குச்சி நட்டுவிடுங்கள். குளிருக்குள் இன்னொரு செடி உள்ளே தயார்.

மயூர்விஹார் மாடி

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். பிள்ளைகளுக்கு மே பாதியில் ஸ்கூல் லீவு விடுகிறார்கள். மூன்று வாரமாவது ஊருக்குப் போவோம். அதுவும் சரியாக அந்த ஜூன் கண்டத்தில். பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்போது ஊரில் இருப்பதில்லை. இத்தனையும் செய்து அந்த மூன்று வாரத்தில் விட்டுவிடப் பயமாக இருக்கிறது.

பதில்: ஜனக்புரி மொட்டைமாடி

டெல்லித் தமிழ்க் குடும்பம் எல்லாவற்றுக்கும் இருக்கிற கவலை இது. முதலில் ஆள் தேடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடமோ வாசல் காவலாளியிடமோ காசு பேசி, சாவி கொடுக்க முடிந்தால் அதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் கையாலேயே ஊற்றவிட்டுப் பாருங்கள். எவ்வளவு என்று வாயால் சொன்னால் புரியாது, எந்த மக், எந்தத் தொட்டிக்கு எத்தனை என்று காட்டிவிடுங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால், கிளம்பும் முன் எல்லா மொட்டையும் பூவையும் பறித்துவிடுங்கள். மல்லியையும் செம்பருத்தியையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். இலை குறைந்தால் தாகம் குறையும். தொட்டிகளை பால்கனியிலிருந்து எடுத்து, வெளிச்சம் வருகிற குளியலறையிலோ வடக்கு ஜன்னல் பக்கமோ தரையில் நெருக்கமாக வையுங்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பில் மூன்று அங்குலம் ஈர மணல் போட்டு அதில் தொட்டியின் அடியைப் புதைத்துவிடலாம், மண்தொட்டி என்றால் இதற்கு ரொம்ப நல்லது. ஒரு வாளித் தண்ணீரை ஸ்டூல் மேல் வைத்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் திரித்த திரி ஒன்றை வாளியிலிருந்து ஒவ்வொரு தொட்டி மண்ணுக்கும் விடுங்கள். திரியை முதலிலேயே நனைத்துவிட வேண்டும். வாளியை மூடிவிடுங்கள், கொசு வரும். ஏப்ரலிலேயே இரண்டு நாள் இப்படி வைத்துத் திரி எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டால் எத்தனை வாளி வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காகிதப்பூவை உள்ளே கொண்டு போக வேண்டாம். நனைத்துவிட்டு வெளியிலேயே வலைக்குக் கீழே விடுங்கள், இலை கொட்டினாலும் மழைக்குத் துளிர்க்கும். திரும்பி வந்ததும் உள்ளே இருந்த செடிகளை ஒரேயடியாக வெயிலில் வைத்துவிடாதீர்கள். நாலைந்து நாள் காலை வெளிச்சம் மட்டும் காட்டி, பிறகு பழைய இடத்துக்கு மாற்றுங்கள்.